பெருவிரல் மூட்டின் வலியும் சூரஞ்சான் கிழங்கின் வரலாறும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

மதரஸாவில் சிறுவர்களுக்குத் தொழுகையைக் கற்றுத்தரும்போது நாம் அதிக நேரம் செலவிடுவது அத்தஹிய்யாத் இருப்பில்தான். இடப்பாதத்தைப் படுக்க வைத்து அதன்மேல் அமர்ந்து, வலப்பாதத்தை நட்டு, அதன் விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கி வைக்க வேண்டும். சிறுவர்களுக்கு இது உடனே வந்துவிடுவதில்லை. ஒவ்வொருவரின் பெருவிரலையும் கையால் பிடித்துத் திருப்பி வைப்போம். பல்லாண்டுகளாகச் செய்துவரும் இவ்வேலையை, சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த வாரத்தில் நம்மால் செய்து காட்ட இயலாமற்போயிற்று.

முந்தைய இரவு ஏறக்குறைய இரண்டு மணிக்கு, வலக்கால் பெருவிரலின் அடிமூட்டில் வலி தொடங்கிற்று. ஸுப்ஹு பாங்கு ஒலிக்கும் வேளைக்குள் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாத நிலை. மூட்டு சிவந்து, வீங்கி, அனலாய்க் கொதித்தது. போர்வையின் ஓரம் பட்டாலும் பொறுக்க முடியவில்லை. மறுநாள் வகுப்பில் சம்மணமிட்டு அமர்ந்தே தொழுது காட்டினோம். பத்து வயது மாணவர் ஒருவர், "உஸ்தாத், நாங்க இப்படி உக்காந்தா திருத்துவீங்களே, நீங்க மட்டும் உக்காரலாமா?" என்று கேட்டார். வகுப்பே அமைதியாயிற்று.

அவருக்கு நாம் விடையாகச் சொன்னது இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள அச்செய்தியில், அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்ட அவர்களின் மகனார் தாமும் அவ்வாறே அமர்கிறார். அப்போது இளவயதினரான அவரைத் தடுத்த தந்தை, வலப்பாதத்தை நட்டு, இடப்பாதத்தை மடக்கி அமர்வதே சுன்னத் எனக் கற்பிக்கிறார்கள். தாங்கள் மட்டும் அப்படிச் செய்கிறீர்களே என்று மகனார் கேட்க, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று விடையளிக்கிறார்கள். அவர்களின் காலுக்கு நேர்ந்தது இன்ன நோய் என்று நாம் கூற வரவில்லை. சுன்னத்தை அவர்கள் மாற்றவுமில்லை, தம் இயலாமையை மறைக்கவுமில்லை என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

அந்த வாரத்திலேயே இரண்டு அறிவுரைகள் நம்மைத் தேடி வந்தன. வலி பாவங்களுக்குப் பரிகாரம், ஆதலால் மருந்தின்றிப் பொறுப்பதே ஈமானுக்கு அழகு என்றார் பெரியவர் ஒருவர். மற்றொருவர் கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பினார். இப்னு ஸீனா கண்ட மருந்து சூரஞ்சான் கிழங்கு; அதுவே தமிழில் கண்வலிக்கிழங்கு; வாங்கிக் காய்ச்சிக் குடித்தால் மூன்று நாளில் வலி போய்விடும் என்றிருந்தது அதில். இரண்டுமே தீனின் பெயரால் சொல்லப்பட்டவை. இரண்டையும் விட்டு நாம் மருத்துவரிடம் சென்றோம். அல்ஹம்துலில்லாஹ், குணம் கிடைத்தது. அதன் பின்னர், நம் முன்னோர் இந்நோயைப் பற்றி உண்மையில் என்ன சொன்னார்கள் என்று தேடிப் படித்தோம். படித்ததைத் தங்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிக்ரிஸ் என்னும் பழைய நோய்

இந்நோயை அரபு மருத்துவ நூல்கள் 'நிக்ரிஸ்' என்று குறிக்கின்றன. யூனானி ஹகீம்கள் இன்றும் அச்சொல்லையே ஆள்கின்றனர். ஆங்கில மருத்துவர்கள் 'கவுட்' என்பர். கிரேக்கர்கள் காலைப் பிடிக்கும் கண்ணி என்னும் பொருள்பட 'போடாக்ரா' என்றனர். பெருவிரலின் அடிமூட்டையே இது முதலில் பெரிதும் தாக்குகிறது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

கிறிஸ்து பிறப்பதற்கு நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இந்நோய் பற்றிய குறிப்புகள் உள்ளன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை இது வருவதில்லை என்ற கருத்தும் அவற்றுள் ஒன்று. இன்றைய மருத்துவமும் இதைப் பெருமளவு ஒப்புகிறது. ஆகவே நம் வீட்டு மூதாட்டியர், "இது ஆம்பளைங்க நோய்" என்று எண்ணிக் கால்வலியைப் புறக்கணித்தல் கூடாது.

மாமிசமும் மதுவும் நிறைந்த விருந்துகளோடு தொடர்புபடுத்தி, இதனை அரசர்களின் நோய் என்று ஐரோப்பியர் அழைத்தனர். ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் மன்னர் 1556-இல் பதவி துறந்ததற்கு இந்நோயும் ஒரு காரணம். பாதுகாக்கப்பட்டிருந்த அவரது விரலெலும்பை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தபோது இந்நோயின் உப்புப் படிகங்கள் அதில் காணப்பட்டன. 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் முஹம்மது அல்ஃபாத்திஹ் அவர்களும் பிற்காலத்தில் இந்நோயால் அவதியுற்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நஞ்சே மருந்தான கதை

அந்த நகரத்தின் ஆயா சோஃபியாவுக்கும் இந்நோயின் மருந்துக்கும் ஒரு குடும்பத் தொடர்பு உண்டு. 532 முதல் 537 வரை அக்கட்டடத்தை எழுப்பிய இருவருள் ஒருவர் அந்தீமியஸ். அவருடைய சகோதரர் அலெக்சாண்டர் ஒரு மருத்துவர். இவர்களின் ஊரான டிராலஸ், இன்றைய துருக்கியின் அய்தின் நகரமாகும்.

கருங்கடலின் கிழக்குக் கரையில் கோல்கிஸ் என்றொரு நாடு இருந்தது. அதன் பெயரைத் தாங்கிய கோல்சிகம் என்னும் செடியைக் கொல்லும் நஞ்சு என்றே முதல் நூற்றாண்டின் டியோஸ்கோரிடிஸ் பதிவு செய்திருந்தார். அவ்வினத்துக் கிழங்கையே மூட்டுவலிக்கு மருந்தாக ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த பவுலஸ் என்னும் மருத்துவர், அக்கிழங்கு வலியைத் தணித்தாலும் வயிற்றைக் கெடுக்கும், குமட்டலை உண்டாக்கும் என எச்சரித்தார். மருந்தின் நன்மையும் தீமையும் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு சேர்த்தே எழுதப்பட்டு வந்தன. இதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

பாக்தாதில் நடந்தது

அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் கிரேக்க மருத்துவ நூல்கள் அரபு மொழிக்கு வந்தன. அப்பணியில் தலைசிறந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், 873-இல் மறைந்தவர். இவர் ஒரு கிறிஸ்தவர். முஸ்லிம் ஆட்சியாளர்கள் மார்க்கம் பாராது இவரது அறிவை மதித்து ஆதரித்தனர். பவுலஸின் நூலை அரபில் தந்தவரும் இவரே. அக்கிழங்கு அரபு நூல்களில் 'சூரஞ்சான்' என்று பெயர்பெற்றது.

ரய், பாக்தாது ஆகிய இரு நகரங்களின் மருத்துவமனைகளுக்கும் தலைமை வகித்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ரய் என்பது இன்றைய தெஹ்ரானை ஒட்டிய பழம்பெரும் நகரம். ஹிஜ்ரி 313, அதாவது 925-ஆம் ஆண்டளவில் மறைந்த இவர், நிக்ரிஸ் நோய்க்கெனவே ஒரு தனி நூல் எழுதினார். அவரது பெருமை நூல்களின் எண்ணிக்கையோடு முடிவதில்லை. மூளைக்காய்ச்சல் கண்டவர்களுள் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்தும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் வைத்து, விளைவை ஒப்பிட்டுப் பார்த்ததாக அவரே குறித்துள்ளார். பாதரசத்தின் தன்மையை அறிய அதை முதலில் ஒரு குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். பழைய நூலில் உள்ளது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. கிரேக்கப் பேராசான் காலனையே ஐயுற்று ஒரு நூல் எழுதியவர் அவர்.

அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் மூட்டுவலி, நிக்ரிஸ், இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் நரம்புவலி ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து ஆராய்கிறார். சூரஞ்சானையும் விவரிக்கிறார். அதே நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தை எவ்வாறு சோதித்தறிவது என்பதற்கு விதிகளை வகுத்துள்ளார். மருந்து கலப்பற்றதாக இருக்க வேண்டும். பல நோய்கள் கலந்திராத ஒருவரிடத்தில் அதைச் சோதிக்க வேண்டும். மருந்தின் வீரியம் நோயின் வீரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விலங்கில் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு எச்சரிக்கையோடு எழுதிய ஒருவரின் பெயரைச் சூட்டி, அளவும் சொல்லாமல், ஆளும் பாராமல், "காய்ச்சிக் குடியுங்கள்" என்று செய்தி அனுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதையாகுமா?

சூரஞ்சானில் இனிப்பு வகை, கசப்பு வகை என இரண்டு உண்டு என யூனானி மருத்துவர்கள் பிரித்தறிவர். கசப்பு வகையை மேற்பூச்சோடு நிறுத்திக்கொள்வது அவர்களின் மரபு. வயிற்றுக்கு வரும் கேட்டைத் தணிக்க இஞ்சி, சீரகம், மிளகு போன்றவற்றைச் சேர்ப்பதும் பழைய முறையே.

மறக்கப்பட்டதும் மீண்டதும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைடோ நகரில் ஜெரார்டு என்பவர் 'அல்கானூன்' நூலை லத்தீனில் பெயர்த்தார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகளில் அது பாடநூலாக விளங்கிற்று. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில் இக்கிழங்கு அங்கே மதிப்பிழந்தது. தாமே பல்லாண்டுகள் இந்நோயால் வருந்திய தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவர் 1683-இல் நிக்ரிஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். நள்ளிரவில் பெருவிரலில் தொடங்கும் வலியையும், போர்வையின் பாரத்தையும் தாங்காத வேதனையையும் அவர் விவரித்திருப்பதைப் படித்தபோது, நம் வீட்டில் நடந்ததையே கண்முன் கண்டோம். எனினும் வயிற்றைக் கழியச் செய்யும் மருந்துகளை அவர் ஏற்கவில்லை.

பின்னர் 1763-இல் வியன்னாவில் ஸ்டோர்க் என்னும் மருத்துவர் கோல்சிகத்தை உடலில் நீர் கோக்கும் நோய்க்குப் பயன்படுத்தி மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஹுசோன் என்பவர் நிக்ரிஸுக்கு ஓர் இரகசிய மருந்துநீரை விற்றார். அதிலிருந்தது கோல்சிகமே என்பது 1814-இல் வெளிப்பட்டது. 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கிழங்கிலிருந்து அதன் செயற்பொருளைப் பிரித்தெடுத்தனர். இன்று மருந்துக்கடைகளில் 'கோல்சிசின்' என்னும் மாத்திரையாகக் கிடைப்பது அதுவே. கிழங்குக்குக் கிழங்கு வீரியம் மாறுபடும். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பது தெளிவாக அறியப்பட்டது. அளவைப் பற்றிய பழைய கவலைக்கு இவ்வாறு ஒரு தீர்வு கிடைத்தது.

வலியின் காரணம்

மருந்து கிடைத்து நெடுங்காலம் சென்றும் காரணம் விளங்கவில்லை. உடலின் திரவங்கள் மூட்டுக்குள் துளித்துளியாக இறங்குவதாகவே பழைய மருத்துவர்கள் எண்ணினர். 1797-இல் வோல்லஸ்டன் என்பவர், நோயாளியின் மூட்டருகே திரண்ட கட்டியில் யூரிக் அமிலத்தின் உப்பைக் கண்டார். 1848-இல் லண்டனில் ஆல்ஃபிரட் கார்ரோட், இந்நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை நிறுவினார். 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு நீரிலேயே அப்படிகங்களைக் கண்டறிந்தனர்.

நம் உடலிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் குறைந்தாலோ, உற்பத்தி மிகுந்தாலோ அது இரத்தத்தில் தேங்கும். ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரையாமல் ஊசி போன்ற படிகங்களாகப் படியத் தொடங்கும். உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்திருக்கும் பாதத்தில் அது எளிதில் நிகழ்கிறது. அப்படிகங்களை விழுங்க வரும் வெள்ளணுக்கள் மூட்டும் தீயே நாம் காணும் வீக்கமும் வலியும். கோல்சிசின் அவ்வணுக்களின் நடமாட்டத்தைத் தடுக்கிறது.

கோல்சிசினால் தேங்கிய அமிலம் குறையாது. அதைக் குறைக்கும் அல்லோப்யூரினோல் 1966 முதல் அமெரிக்காவில் இந்நோய்க்கு வழங்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வலியை அடக்குவது ஒரு வேலை, வலி மீண்டும் வராமல் காப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனி மருந்துகள் என்பதை அறியாமல், வலி நின்றதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோர் நம்மில் ஏராளம்.

கண்வலிக்கிழங்கு

கைப்பேசிச் செய்தியில் வந்த கண்வலிக்கிழங்குக்கு வருவோம். அது நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு. சூரஞ்சானும் இதுவும் வேறுவேறு செடிகள். ஆயினும் இரண்டிலும் கோல்சிசின் உண்டு. திண்டுக்கல், திருப்பூர் மாவட்டப் பகுதிகளில் உழவர்கள் இதைப் பயிரிட்டு, விதைகளை மருந்துத் தொழிலுக்கு விற்கின்றனர். மருந்தாகும் பொருள் அதில் இருப்பதாலேயே கிழங்கு கொடிய நஞ்சாகவும் இருக்கிறது. தின்றவருக்கு முதலில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பின்னர் எலும்பு மச்சையும் சிறுநீரகமும் பிற உறுப்புகளும் செயலிழக்கும். உயிரிழந்தோர் பலர். இந்நஞ்சுக்கு நாடெங்கும் கிடைக்கக்கூடிய முறிமருந்து எதுவுமில்லை.

மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாஈ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கைவிரலால் தட்டிப் பிறருக்கு அனுப்பும் மருத்துவக் குறிப்பும் இப்பொறுப்பில் அடங்குமா என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

வலி வந்தவுடன் காலை உயர்த்தி வைத்து ஓய்வளிப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் ஒற்றுவதும் நலம். அழுத்தித் தேய்த்து எண்ணெய் தடவுவது வேதனையை மிகுக்கும். கோல்சிசின், வலிநிவாரணிகள், ஸ்டீராய்டு ஆகியவற்றுள் எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையோருக்கும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொள்வோருக்கும் கோல்சிசின் ஆபத்தாகலாம். அல்லோப்யூரினோல் தொடங்கியபின் தோலில் தடிப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். யூனானி மருத்துவத்தை நாடுவோர் சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யூனானி மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடங்களில் முறையாகக் கற்றவர்களையே அணுகட்டும்.

பெருவிரல் மூட்டுவலி எல்லாமே நிக்ரிஸ் ஆகிவிடாது. வயது ஏற ஏற மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, விரல் மடங்காமல் இறுகிப்போவதும் உண்டு. அதற்கு முன்பக்கம் அகன்ற, அடிப்பகுதி விறைப்பான காலணி பெரிதும் உதவும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ, சர்க்கரை நோயாளியின் காலில் புண் இருந்தாலோ, ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

நமக்கு மது ஹராம். அல்ஹம்துலில்லாஹ், இந்நோயின் ஒரு பெரிய வாசலை மார்க்கமே அடைத்துவிட்டது. ஆயினும் குர்பானி வாரத்தின் ஈரலும், வலீமா விருந்துகளின் இறைச்சியும், இனிப்பூட்டிய குளிர்பானங்களும் திறந்த வாசல்களே. பரம்பரையும் சிறுநீரகத்தின் இயல்பும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆதலால் நோயுற்றவரைப் பெருந்தீனிக்காரர் என்று ஏளனம் செய்வது அநீதி. ரமலானில் நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை போதிய நீர் அருந்துவது நல்லது. இதய, சிறுநீரக நோயாளிகள் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

தொழுகையைப் பொறுத்தவரை, அத்தஹிய்யாத்தில் வலப்பாதத்தை நட்டு வைப்பது சுன்னத். இயலாதவர் இயன்றவாறு அமர்ந்தால் தொழுகை நிறைவேறும். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. நுணுக்கமான சட்டங்களைத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. பள்ளிவாசலில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தொழுதால், அவர் காலுக்குள் என்ன எரிகிறது என்பதை நாம் அறியோம். அவரைக் குறைத்து எண்ணாதிருப்போம்.

பொறுமையைப் போதித்த பெரியவரின் சொல்லிலும் உண்மை உண்டு. முள் தைத்தாலும் முஃமினுக்கு அது பரிகாரமே. ஆனால், மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமை தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். அந்த மருந்தைத் தேடியவர்களே ராஸீயும் இப்னு ஸீனாவும். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற அமானிதம் வெறும் கிழங்கு மாத்திரமன்று. சோதித்தறிதலும், அளவறிதலும், தீங்கை மறைக்காமல் எழுதுதலும் அதில் அடங்கும்.

மூன்று வாரங்கள் கழித்து நாம் மீண்டும் வலப்பாதத்தை நட்டு அமர்ந்து காட்டினோம். அந்த மாணவர் தம் விரலைப் பாராமல் நம் விரலையே உற்றுப் பார்த்திருந்தார். தொழுகை முடிந்ததும் அருகே வந்து, "இப்ப வலிக்குதா உஸ்தாத்?" என்றார். வலிக்கவில்லை என்றோம். "அப்ப மாத்திரையை விட்டுடாதீங்க, எங்க நன்னா விட்டுட்டுத்தான் திரும்ப வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அறிந்ததை அளவோடு சொல்லவும், அறியாததை அறிந்தோரிடம் கேட்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.